நெரினியாவை வெட்டிய நாட்கள்

போன மாதம் நான் வேலை பார்த்த புதைபடிவ ஆய்வுக்கூடத்திலிருந்து ரொஸ்லான் கூப்பிட்டான். நான் ஓய்வுபெற்ற பிறகு என் மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் அவன். புதிதாக ஒரு ஸ்கேனர் வாங்கியிருக்கிறார்களாம். கல்லை வெட்டாமலே உள்ளே இருப்பதைப் பார்த்துவிடலாம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் சுண்ணாம்புக் கல்லுக்குள் சுண்ணாம்பாகவே கல்லாகிக் கிடக்கும் ஒரு கடல் நத்தையை அதில் வைத்தபோது, திரை முழுக்க ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிந்ததாம். ஓடு எது, அதை மூடிய மண் எது என்று பிரியவில்லை.

"வெட்டித்தான் பார்க்கணும் போலிருக்கு, காக்," என்றான் மலாயில். அக்கா என்று கூப்பிடுவதற்குப் பதில் அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். "அலமாரியில ஒரு நத்தை பாதியா இருக்கே, பொன்னுசாமி கொடுத்ததுன்னு. அது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சாமே. அதை வெட்ட எப்படி உங்களுக்கு மனசு வந்துச்சு?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. ஜூரோங்கில் லென்ஸ் தேய்க்கும் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். அதை வெளிநாட்டுக்கு மாற்றியபோது, கல் தேய்க்க ஆள் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் கூப்பிட்டார்கள். கண்ணாடியைத் தேய்த்த கை கல்லையும் தேய்க்கும் என்று நினைத்துப் போனேன். முதல் வருடம் முழுக்க உடைத்தேன். இரண்டாம் வருடம் குறைவாக உடைத்தேன். அதற்குப் பிறகு அங்கேயே இருந்துவிட்டேன்.

என் மேலதிகாரி டாக்டர் சரோஜினி கனகசபை. யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். கூட்டங்களில் ஆங்கிலம் பேசுவார். என்னிடம் மட்டும் அவர் வீட்டுத் தமிழ் வரும். நரைத்த கூந்தலைச் சுருட்டி, அதில் ஒரு பென்சிலைச் செருகியிருப்பார். ஒரு கல்லைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவுவார், தொட்ட பிறகும் கழுவுவார். யாராவது "பார்த்தா அது மாதிரி இருக்கு" என்று சொன்னால், கோபப்படாமல், "எதைப் பார்த்தனீர்?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லும்போதே பாதிப் பேருக்குத் தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். நான் கல் தேய்க்கும்போது சில நாள் பக்கத்தில் வந்து உட்காருவார். பேசமாட்டார். தண்ணீர் சொட்டும் சத்தத்தையும் கல் உரசும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்துக்குள் இருவரும் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருவோம். மழை பெய்து விட்டிருக்கும். எப்போது பெய்தது என்று தெரியாது.

பொன்னுசாமி அங்கிள் வந்ததும் அப்படி ஒரு மதியத்தில்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஃபேரர் பார்க்கில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பயிற்சியில் பையன்கள் போடும் பச்சை டீ-ஷர்ட்டில் சுற்றி ஒரு கல். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, டீ-ஷர்ட்டை முதலில் நாலாக மடித்து டின்னுக்குள் வைத்தார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"என் பையன் செந்தில் கொண்டாந்தது. யுனிவர்சிட்டியில படிக்கறப்ப அரியலூர் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு காலத்துல கடலா இருந்த இடமாம். அங்க எடுத்தது. வந்த அடுத்த வருஷம் மோட்டார்சைக்கிள் ஆக்சிடெண்ட்ல போயிட்டான்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"இது நெரினியாங்கிற நத்தை அப்பா, உள்ள மூணு மடிப்பு இருக்கும்னு சொன்னான். எனக்கு என்ன தெரியும். சரிடான்னேன். இப்ப என்னான்னா, அவன் சொன்னது சரிதானான்னு தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

டாக்டர் கையைக் கழுவிவிட்டு வந்து கல்லை எடுத்தார். என் நடுவிரல் நீளம் இருக்கும். ஊசிக்கோபுரம் போல மேலே போகப்போக மெலிந்து, சுற்றுச் சுற்றாக ஏறும் ஓடு. ஒவ்வொரு சுற்றும் நடுவில் லேசாகக் குழிந்து, அடுத்த சுற்றோடு சேரும் இடத்தில் ஒரு வரம்பாக எழும்பியிருந்தது. அந்த வரம்பை ஒட்டி மெல்லிய பட்டை ஒன்று ஓடியது. நத்தை உயிரோடு இருந்தபோது ஓட்டின் வாயில் இருந்த கீறல், ஓடு வளர வளர விட்டுப்போன தடம் அது. மற்றபடி மேற்பரப்பு தேய்ந்திருந்தது. வாய்ப்பகுதி உடைந்திருந்தது. ஒரு பக்கம் முடியளவு விரிசல்.

"வெளியால பார்த்தா நானும் நெரினியா எண்டுதான் சொல்லுவன்," என்றார் டாக்டர். "ஆனா இந்தக் குடும்பத்தில கன பேர் வெளியால ஒரே மாதிரித்தான். சுவருக்கு உள்ளுக்க மடிப்பு மடிப்பா ஓடும். நடுத்தண்டில, மேல, வெளிச்சுவரில. அந்த மடிப்பு எத்தனை, எந்த வடிவம் எண்டதை வச்சுத்தான் பேர். வெட்டாமல் சொல்லேலாது."

"வெட்டினா கல்லு போயிடுமா?"

"ரெண்டு பாதி இருக்கும். வாளின்ர தடிப்பு அளவுக்கு நடுவில இருக்கிறது போயிடும். அது திரும்பி வராது."

அங்கிள் கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களா வெட்டுவீங்க?"

"ஆமா அங்கிள்."

"வெட்டுறதா வேண்டாமா எண்டதை நீங்கள்தான் சொல்லவேணும்," என்றார் டாக்டர். "நான் சொல்லமாட்டன்."

அங்கிள் கல்லை டீ-ஷர்ட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அன்று மாலை சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, கடைகளின் விளக்கும் பூமாலைகளும் ஆட்களும் எல்லாம் ஏதோ ஆழத்துத் தண்ணீருக்குள் மெதுவாக அசைகிற மாதிரி இருந்தது. அந்த நத்தை ஊர்ந்த கடலில் யாருக்கும் பேர் இல்லை. அரியலூரும் இல்லை, இந்த ரோடும் இல்லை. மிதமான சூட்டில் ஒரு தண்ணீர், அதற்குமேல் வெளிச்சம். பஸ் வந்து கதவு திறந்ததும்தான் நினைவு வந்தது.

தீபாவளிக்குத் தெருவில் விளக்குத் தோரணம் கட்டியிருந்த நேரத்தில் அங்கிள் திரும்ப வந்தார். அதே டின்.

"கண்ணு போயிக்கிட்டு இருக்கு," என்றார். "ஓரமெல்லாம் இருட்டு. நடுவுல மட்டும் தெரியுது. அதுவும் போயிடுமாம். தெரியறப்பவே பார்த்துடணும் லா. வெட்டுங்க."

டாக்டர் என்னிடம் திரும்பி, "கேட்டனீர்தானே," என்றார். அவ்வளவுதான்.

ரொஸ்லானுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முதலில் வெட்டக்கூடாது. முதலில் அந்தக் கல் எப்படி இருந்ததோ அப்படியே இன்னொன்று செய்யவேண்டும். ரப்பர் பாலை ஊற்றி அச்சு எடுத்து, அதில் பிசின் வார்த்து, நிறம் தீட்டி ஒரு நகல் செய்தேன். எல்லாப் பக்கமும் படம் எடுத்தோம். பிறகு விரிசலுக்குள் மெல்லிய பிசினை இறக்க, காற்றை உறிஞ்சும் ஜாடிக்குள் கல்லை வைத்தேன். விரிசலிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. எத்தனையோ காலமாக உள்ளே இருந்த காற்று என்று அப்போது தோன்றியது. அது தவறு, விரிசல் அண்மையில் விழுந்ததாகக்கூட இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பார். நான் அவரிடம் சொல்லவில்லை.

இந்த ஓட்டின் உச்சியிலிருந்து அடிவரை நடுவில் ஒரு தண்டு உண்டு. அந்தத் தண்டின் மையத்தில் வெட்டு விழுந்தால்தான் மடிப்புகள் தம் வடிவத்தில் தெரியும். கொஞ்சம் விலகினாலும் பொய் சொல்லும். பெரியது சின்னதாகும், சின்னது சுவரோடு சேர்ந்து மறைந்துவிடும். ஆனால் மையத்திலேயே வாளை வைத்தால், நமக்கு வேண்டிய இடத்தைத்தான் வாள் தின்னும். ஆகவே மையத்துக்கு ஒரு பக்கமாக, சற்றுத் தள்ளி வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கையால் தேய்த்துத் தேய்த்து மையத்துக்கு வரவேண்டும்.

கல்லை மாவுக்கட்டில் பதித்து, வைர வாளைத் தண்ணீரோடு ஓடவிட்டேன். வெள்ளையாக, பால் போல வழிந்தது. டாக்டர் எதிரே உட்கார்ந்து மேசைமேல் உள்ளங்கையை வைத்திருந்தார். முக்கால்வாசி போனதும் சத்தம் மாறியது. மந்தமாக இருந்தது திடீரென்று கீச்சென்றது.

"என்ன கேட்டனீர்?" என்றார் டாக்டர்.

"உள்ள ஏதோ வெத்திடம் மாதிரி. உடைஞ்சிடும்னு பயமா இருக்கு டாக்டர்."

"பயத்தை விடும். சத்தம் மாறினதோ இல்லையோ?"

"மாறிடுச்சு."

"அப்ப நிப்பாட்டும்."

நிறுத்தினேன். மீதியை நகை அறுக்கும் கம்பி வாளால் கையாலேயே அறுத்தேன். அதற்கே இரண்டு மதியம் போனது. கடைசியில் கல் இரண்டாகப் பிரிந்தபோது சத்தமே வரவில்லை. உச்சிப் பக்கத்தில் ஒரு சிறு குழிவு, அதன் சுவரெல்லாம் பளிங்குத் துகள். வாள் அதே வேகத்தில் போயிருந்தால் உச்சி நொறுங்கியிருக்கும்.

அதன் பிறகு தேய்த்தல். கண்ணாடித் தட்டில் கரகரப்பான பொடியும் தண்ணீரும் போட்டு, கல்லின் முகத்தை வைத்து எட்டுப் போல வட்டமடிக்கவேண்டும். கொஞ்சம் தேய்த்து, கழுவி, உருப்பெருக்கியில் பார்த்து, மறுபடி தேய்க்கவேண்டும். ஒவ்வொரு தடவை கழுவும்போதும் உள்ளே இருக்கும் படம் மாறும். அறைகள் அகலமாகும். தண்டு தடிக்கும். யாரோ ஒரு திரையை மிக மெதுவாக விலக்குவது மாதிரி. அந்த வாரங்களில் தூங்கும்போதும் என் கை எட்டுப் போட்டது என்று என் கணவர் சொன்னார்.

ஒரு மதியம் கழுவிப் பார்த்தபோது மடிப்புகள் தெளிவாக வந்தன. தண்டில் ஒன்று. மேலே ஒன்று. வெளிச்சுவரில் ஒன்று. நான் கூப்பிடுவதற்கு முன்பே டாக்டர் வந்துவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூண்டு," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. செந்தில் என்று நான் பார்க்காத பையன் பக்கத்தில் நின்று சிரிக்கிற மாதிரி இருந்தது. "அப்ப நெரினியாதான், டாக்டர். அங்கிளுக்குச் சொல்லிடலாமா?"

"நடுவுக்கு வந்திட்டீரோ?"

நான் கல்லைத் திருப்பிப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றேன்.

"எவ்வளவு?"

"ரெண்டு நாள் தேய்க்கலாம்."

அவர் உருப்பெருக்கியிலிருந்து நிமிர்ந்தார். நான் சொன்னேன், "டாக்டர், அவரு கேக்கறது இதைத்தான். மூணு இருக்கான்னு. மூணு இருக்கு. இதோட விட்டா யாருக்கும் நஷ்டமில்ல."

அவர் கோபப்படவில்லை. பென்சிலைக் கூந்தலிலிருந்து எடுத்து மறுபடி செருகினார்.

"மூண்டில நிப்பாட்டினா அது உம்மட விருப்பம். கல்லு சொன்னதில்லை. அந்த மனுசன் உம்மட விருப்பத்தைக் கேட்டு வரேல்லை. மகன்ர கல்லை வெட்டக் குடுத்தவர்."

தேய்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் மனது வேண்டாம் வேண்டாம் என்றது, கை போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் கழுவியபோது, தண்டின் அடிப்பக்கத்தில், நான் சுவர் என்று நினைத்த இடத்தில், ஒரு சின்ன மேடு பிரிந்து நின்றது. வெளிச்சுவரில் இன்னொன்று. மேலே இருக்கும் சுற்றிலும் அப்படியே. அதற்கு மேலும் அப்படியே. ஐந்து மடிப்பு. நெரினியாவுக்குப் பக்கத்து இனம், டிக்மாடிஸ் என்று பேர். அறைகளில் மிச்சமிருந்த இடம், இலை ஒன்றைப் புழு கடித்து வைத்த மாதிரி கோணலும் மாணலுமாக இருந்தது.

டாக்டர் எண்ணினார். மறுபடி எண்ணினார். "நானும் பிழைதான் சொல்லியிருக்கிறன்," என்றார். அவர் குரலில் வருத்தமில்லை. எனக்குத்தான் இருந்தது.

அங்கிள் வருவதற்கு முன் இன்னொரு வேலை செய்தேன். அவர் கண்ணுக்கு உருப்பெருக்கி பிடிபடாது என்று தெரியும். ஆகவே கல்லின் முகத்தை நீர்த்த அமிலத்தில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, அசிட்டோன் ஊற்றி, அதன்மேல் ஒரு மெல்லிய பிலிம் தாளைப் படியவிட்டேன். காய்ந்ததும் உரித்தால், கல்லில் இருக்கும் ஒவ்வொரு கோடும் அந்தத் தாளில் ஒட்டிக்கொண்டு வரும். ஈசல் இறக்கை மாதிரி இருக்கும். அதை ஸ்லைடு சட்டத்தில் பொருத்தி, ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய புரொஜெக்டரில் போட்டு, வெள்ளைச் சுவரில் விழவைத்தேன். நத்தையின் உட்புறம் தரையிலிருந்து கூரைவரை நின்றது.

அவர் வந்தார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"உங்கட மகன் சொன்ன பேர் பிழை. மூண்டில்லை, அஞ்சு. வெளியால பார்த்து நானும் அதே பிழைதான் சொன்னனான்."

விளக்கை அணைத்தேன். சுவரில் அந்த உருவம் தெரிந்ததும் அங்கிள் எழுந்து, முன்னால் கையை நீட்டிக்கொண்டே நடந்தார். வெளிச்சத்துக்குள் போனதும் அவர் சட்டையின் மேலும் நரைத்த தலையின் மேலும் மடிப்புகள் விழுந்தன. கிட்டே நின்று தலையை மெல்ல மெல்லத் திருப்பி, நடுவில் மட்டும் தெரியும் அந்தக் கண்ணால் ஒவ்வொரு இடமாகத் தேடினார். விரலை வைத்துத் தடவினார். சுவர் வழவழப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மேடு பள்ளத்தைத் தொடுவது மாதிரியே தொட்டார்.

"ஒண்ணு. ரெண்டு. இது மூணு." விரல் கீழே இறங்கியது. "இங்க ஒண்ணு சின்னதா. இதோ." திரும்பாமலே சொன்னார், "அஞ்சுதான்."

"ஆமா அங்கிள்."

"அவன் எப்பவும் இப்படித்தான். பாதி பார்ப்பான், மீதிய சொல்லிடுவான்."

அவர் குரல் சிரிக்கிறதா உடைகிறதா என்று இருட்டில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவு மடிப்புக்குள்ள அந்த உசிரு எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

டாக்டர் எழுந்து போய், மடிப்புகளுக்கு நடுவே மிச்சமிருந்த வளைந்த இடத்தைக் காட்டினார். "இதுக்குள்ளதான். உடம்பும் இந்த வடிவத்திலதான் இருந்திருக்கும்."

"தன் வீட்டையே ஏன் இப்படி அடைச்சு வச்சிருக்கு?"

"தெரியாது. ஓட்டைப் பலப்படுத்த எண்டு சொல்லுகினம். வேற காரணமும் சொல்லுகினம். ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது."

தெரியாது என்று சொல்லும்போது டாக்டரின் முகம் எப்போதும் கொஞ்சம் மலரும். அன்று அந்த வெளிச்சத்தில் அதைப் பார்த்தேன். மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். புரொஜெக்டரின் விசிறி மட்டும் ஓடியது. அந்தக் கடலின் அடியில் நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொன்னால் அப்போது நம்பியிருப்பேன்.

ஒரு பாதியை அவர் எங்களுக்குக் கொடுத்தார். மறுபாதியை எடுத்துக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ஃபேரர் பார்க்குக்கு அங்கிள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். அவர் யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. லிஃப்டில் ஏறும்போதுதான் காரணத்தைச் சொன்னார். இந்த இனங்களைப் பிரித்துப் பேர் வைத்த காலத்தில், ஐந்து மடிப்பு உள்ளதையும் நெரினியாவுக்குள் ஒரு கிளையாகத்தான் வைத்திருந்தார்களாம். தனி இனமாக்கியது பிறகு வந்தவர்கள். அந்தக் கணக்கில் செந்தில் வைத்த பேர் பிழையில்லை. இதை அவரிடம் சொல்லாமல் விட்டது தன் தவறு என்று டாக்டருக்கு உறுத்தியிருக்கிறது.

பொன்னுசாமி அங்கிள் கதவைத் திறந்தார். கண் இன்னும் மங்கியிருந்தது. பார்க்க வந்த மகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன பக்கோடாவைத் தடவித் தடவித் தட்டில் வைத்தார். கல் சோபாவில் அவர் பக்கத்திலேயே கிடந்தது. அமிலத்தில் வைத்ததால் அதன் முகத்தில் மடிப்புகள் துளி மேடாக நின்றன. பேசும்போதெல்லாம் அவர் கட்டைவிரல் அதன்மேல் போய்வந்தது.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். "ஆறுதலுக்குச் சொல்லேல்லை. உண்மையிலேயே பழைய முறையில அதையும் நெரினியா எண்டுதான் சொன்னவை."

அங்கிள் கேட்டுக்கொண்டார். பிறகு இல்லை என்று தலையாட்டினார்.

"வேணாம் டாக்டர். அது தப்பாவே இருக்கட்டும்."

டாக்டர் அவரையே பார்த்தார்.

"இல்ல, இப்படிச் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அவன் போனதுல இருந்து எல்லாரும் அவனை நல்லவன், கெட்டிக்காரன்னே சொல்லிச் சொல்லி, யாரோ ஒரு பையன் போட்டோவைப் பார்க்கிற மாதிரி ஆயிடுச்சு எனக்கு. அன்னிக்கு நீங்க பிழைன்னு சொன்னீங்க பாருங்க. அப்பத்தான் அவன் வந்தான். மூணுதான்னு நின்னு அடம்பிடிக்கிறவன். அவன்தான் என் பையன்."

டாக்டர் கையைக் கழுவாமலே ஒரு பக்கோடாவை எடுத்தார்.

"எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம், கேலாங்கில, சிவன் கோயில்ல," என்று அங்கிள் தொடர்ந்தார். "இவன் தனியா பஸ்ல வர்றேன்னான். தாலி கட்டியாச்சு, சாப்பாடு முடிஞ்சாச்சு, ஆளக் காணோம். கடைசியில வர்றான், வேட்டியெல்லாம் சேறு. எங்கடா போனேன்னா, தப்பான பஸ் ஏறி அந்தக் கோடியில இருக்கற கிராஞ்சிக்குப் போயிட்டானாம். சரி, உடனே திரும்ப வேண்டியதுதானே? அங்க மண்ணு வேற நிறமா இருந்துச்சாம். தோண்டிப் பார்த்துட்டு வந்திருக்கான்."

டாக்டர் சிரித்தார். அத்தனை வருடத்தில் அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கிளும் சிரித்தார். அதற்குப் பிறகு செந்தில் செய்த தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் கிளம்பவே இல்லை.